மூன்று சுவர்க் கணக்கு

அழகன் பாஸ் ஒரு எண்ணைச் சொன்னால் சொன்னதுதான். கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் தங்கள் காம்பராவுக்கு முன்னால் ஒரு அறை இழுத்துக் கட்ட நினைப்பவர்கள் கொத்தனார் வேலைக்கு அவரைக் கூப்பிடுவார்கள். அவர் வருவார். கொடுத்த பிளேன்டித் தேநீரைக் குடிப்பார். பிறகு காம்பராவின் முன்சுவரில் முதுகைச் சாய்த்து, வெளியே பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். டேப்பை எடுக்க மாட்டார். கல் விலை, மணல் விலை என்று வாய்விட்டுக் கூட்ட மாட்டார். சுவரிலிருந்து முதுகை எடுக்கும்போது எண் வந்துவிடும்.

“நாலு இருபது வரும்” என்பார்.

வேலை முடியும்போது நாலு லட்சத்து இருபதாயிரம்தான் வந்திருக்கும். கூடாது, குறையாது.

இது எப்படி என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. எண்ணை முதலில் சொல்லிவிட்டால் கட்டடம் அந்த எண்ணுக்குள் அடங்கிக்கொள்ளும். மணல் விலை ஏறினால் இரட்டைக் கதவு ஜன்னல் ஒற்றைக் கதவு ஜன்னலாகும். மழையில் வேலை கெட்டால் சுவரில் ஒரு வரிசைக் கல் குறையும். வீட்டில் உயரமான ஆள் இல்லையென்றால் அது யாருக்கும் தெரியாது. அப்படியும் அடங்காததைத் தன் கூலியில் கழித்துக்கொள்வார். இந்தக் கடைசி விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவருடைய மனைவி ஜீவராணி.

“உங்க கணக்கு எப்பவும் சரியாத்தாங்க வருது. நம்ம வீட்டுக் கணக்குதான் வர மாட்டேங்குது” என்பாள்.

அவள் கோபமாகச் சொல்வதில்லை. கொழுந்து மலைக்குப் போகும் அவசரத்தில், கூடைக் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டே சொல்வாள். அவரும் அதை ஒரு குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. உண்மைதானே என்று இருந்துவிடுவார்.

அவர் பிறந்தது லிந்துலைப் பக்கம். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. ஹட்டனில் ஒரு சிங்கள பாஸிடம் சாந்து குழைக்கச் சேர்ந்து வேலை பழகினார். ஜீவராணியைக் கட்டியபிறகு அவளுடைய தோட்டத்துக்கே வந்துவிட்டார். வந்த வருஷமே மாமனாருடைய காம்பராவுக்கு முன்னால் ஓர் அறை கட்டினார். மாமனார் எவ்வளவு வரும் என்று கேட்டார். இவர் ஒரு எண்ணைச் சொன்னார். அது அப்படியே வந்தது. மாமனார் பேசக்கூடிய ஆள். அடுத்த சம்பளத்துக்குள் மூன்று தோட்டங்களுக்கு விஷயம் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவருடைய எண்ணுக்கு ஒரு மதிப்பு ஏற்பட்டது. பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ராசிக் முதலாளி தோட்டத்து ஆட்களுக்குச் சீமெந்து கடனாகக் கொடுக்க ஆயிரம் கேள்வி கேட்பார். எங்கே வேலை, எந்த டிவிஷன், வீட்டில் எத்தனை பேர் கொழுந்து எடுக்கிறார்கள் என்று கேட்பார். “அழகன் பாஸ் எட்டு லட்சம்னு சொன்னாரு முதலாளி” என்றால் மட்டும் மேற்கொண்டு கேட்காமல் லொறிக்காரனைக் கூப்பிடுவார். கடன் கொடுக்கும் மரண உதவிச் சங்கத்திலும் அதே நடைமுறைதான். பாஸ் சொன்ன எண் என்றால் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும்.

சீமெந்து விலை காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருந்த அந்த வருஷத்தில் மட்டும் அவர் யாருக்கும் எண் சொல்லவில்லை. “இது எண் சொல்ற வருஷமில்ல” என்று கூப்பிட வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு லீக்ஸ் பயிர் போட்டார். லீக்ஸ் விலையும் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவர் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

நாகலெட்சுமி கூப்பிட்டது அதெல்லாம் ஓய்ந்தபிறகு. நாகலெட்சுமி அந்தத் தோட்டத்திலேயே கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் லோஜினி கொழும்பில் ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். நாகலெட்சுமி குடியிருந்தது முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில். அவருடைய பின்சுவர்தான் அந்தப் பக்கத்து அம்மாக்கண்ணுவுக்கும் பின்சுவர். அம்மாக்கண்ணு வீட்டு டி.வி. நாடகங்களை நாகலெட்சுமி பல வருஷமாகக் கேட்டுவருகிறார். எல்லாருடைய குரலும் தெரியும், ஒரு முகமும் தெரியாது.

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பழைய பிள்ளைக் காம்பராவை இடித்த திடலில் ஆளுக்கு ஏழு பேர்ச் என்று காணி பிரித்துக் கொடுத்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் நாகலெட்சுமிக்குக் கிடைத்த துண்டுக்குப் பின்துண்டு அம்மாக்கண்ணுவுக்கு வந்தது. வீடு கட்டும் பணம் பின்னால் வரும் என்றார்கள். நாகலெட்சுமி அது வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தன்னுடைய ஈ.பி.எஃப். காசையும் மகளுடைய சேமிப்பையும் வைத்துக்கொண்டு பாஸைத் திடலுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

“என்னென்ன வேணும்க்கா?” என்றார் அழகன் பாஸ்.

“ஒரு ஹோலு, ரெண்டு ரூமு, சமைக்க ஒரு குசினி.”

“இஸ்தோப்பு?” என்று முன்திண்ணையைக் கேட்டார்.

“வேணாம் பாஸ். இஸ்தோப்புல உக்காந்தா போற வர்றவுங்க எல்லாம் வந்து உக்காந்துக்குறாங்க.”

அவர் பிளேன்டியைக் குடித்து முடித்தார். திடலில் சுவர் எதுவும் இல்லை. ஓரமாக ஒரு டர்பன்டைன் மரம் நின்றது. அதில் முதுகைச் சாய்த்து, வெளியே பார்த்தபடி நின்றார். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றார். இதுவரை சொன்ன எண்களில் இதுதான் பெரிதாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“பதினாறு வரும்” என்றார்.

நாகலெட்சுமியின் முகம் தெளிந்தது. கையில் பதினாறு லட்சமும் கொஞ்சமும் இருந்தது. அந்தக் கொஞ்சத்தைப் பால் காய்ச்சும் செலவுக்கு ஒதுக்கிவிட்டார்.

அத்திவாரம் வெட்டுவது எப்போதும்போல லயத்து ஆட்கள் கூலி வாங்காமல் சிரமதானமாகச் செய்துகொடுப்பதென்று பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகன் பாஸ் திடலுக்குப் போய் நாலு மூலையிலும் முளை அடித்துக் கொடுத்துவிட்டு, சீமெந்துக்கும் கம்பிக்கும் ராசிக் முதலாளியிடம் சொல்லிவைக்கப் பஜாருக்குப் போனார். திரும்பி வரும்போது வேலை முடிந்து ஆட்கள் சோற்றுக்குப் போயிருந்தார்கள். நாகலெட்சுமியும் அம்மாக்கண்ணுவும் மட்டும் டர்பன்டைன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். குழி நேராகவும் ஆழமாகவும் வந்திருந்தது. ஆனால் அவருக்கு என்னவோ சரியாகப் படவில்லை. ஒரு சுற்று நடந்து பார்த்தார்.

“அக்கா, யாரு இந்தக் குழிய வெட்டச் சொன்னது?”

“எதுங்க?”

“இந்தா, பின்னாடி இருக்கிறது.”

“வீட்டுக்குத்தானே பாஸ் வெட்டுனோம்?” என்றார் நாகலெட்சுமி.

“குழி ஒண்ணு கூடிப்போச்சே.”

நாகலெட்சுமி எழுந்து வந்து பார்த்தார். அவருக்கு எதுவும் கூடியதாகத் தெரியவில்லை. பாஸ் சொன்னால் ஏதாவது இருக்கும் என்று இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். அழகன் பாஸ் பின்பக்கத்துக் குழியின் விளிம்பில் நின்றுகொண்டு உள்ளே பார்த்தார். குழியில் தப்பில்லை. அந்தப் பக்கத்தில் மேலே ஒன்றும் இல்லை என்பதுதான் தப்பு. லயம் இல்லை. ஒட்டிக் கட்டுவதற்கு அங்கே ஏற்கெனவே நிற்கும் ஒரு சுவர் இல்லை. அதற்குப் பின்னால் அம்மாக்கண்ணுவின் வெறும் காணியும், அதற்குப் பின்னால் தேயிலையும், அதற்கும் பின்னால் மூடுபனியும்தான் இருந்தன.

“என்ன பாஸ், குழிக்குள்ளயே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஏதும் விழுந்துருச்சா?” என்று அம்மாக்கண்ணு மரத்தடியிலிருந்து கேட்டார்.

“இல்ல பெரியம்மா.”

“அப்ப பேய் ஏதும் தெரியுதா? பிள்ளைக் காம்பரா இருந்த எடம். இருந்தாலும் சின்னப் பேயாத்தான் இருக்கும், பயப்படாதீங்க.”

அவர் சிரிக்கவில்லை. நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வழியெல்லாம் யோசித்துப் பார்த்தார். ஹட்டன் பாஸிடம் இருந்தபோது செய்த வேலையெல்லாம் ரோட்டோரத்து மதிலும் தண்ணீர் ஓடும் கானும்தான். மதிலுக்கு ஒரு சுவர், கானுக்கு இரண்டு. தோட்டத்துக்கு வந்த பிறகு காம்பரா வேலை. அதற்கு மூன்று. நாலாவது சுவர் வெள்ளைக்காரன் காலத்திலேயே கட்டிவைத்தாகிவிட்டது. கோழிக்கூடுகூட ஏதாவது ஒரு சுவரில் ஒட்டித்தான் கட்டியிருக்கிறார். நாலு சுவர் வேலை என்று ஒன்று அவருக்கு வந்ததே இல்லை. தனக்குச் சுவர்களில் பதவி உயர்வு கிடைத்துக்கொண்டிருந்ததை அவர் இவ்வளவு நாளும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, பின்சுவருக்கு என்ன வரும் என்று பார்த்தார். அது சுவரோடு முடியவில்லை. அத்திவாரம், கல், மேல் பீம், பூச்சு, பின்கதவு, ஒரு ஜன்னல் இருந்தன. லயத்துக் கூரையின் கீழே சொருகிவிடலாம் என்று மனசுக்குள் வைத்திருந்த தகரமும் மரமும் இருந்தன. பின்பக்கம் விழும் மழைத் தண்ணீருக்கு ஒரு பீலியும் வேண்டும். எல்லாமாக இரண்டரை லட்சம் வந்தது. பதினாறு இல்லை, பதினெட்டரை.

ஜீவராணி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார்.

“எத்தனை சுவரு போட்டீங்க?”

“மூணு.”

“வீட்டுக்கா?”

அவர் தலையசைத்தார். ஜீவராணி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க, பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. ரொட்டி கருகியது.

“பதினாறுலயே முடிச்சிரலாம்னு பாக்குறேன்” என்றார் அவர்.

சிரிப்பு நின்றது. “எப்படி?”

“கூலிய விட்டுட்டா அதுக்குள்ள வந்துரும்.”

“இந்த வேலைல உங்க கூலியே அவ்வளவுதானே?”

“ஆமா.”

“நாலு மாசம் நீங்க சும்மா கட்டுவீங்க. நீங்க கட்டுன சுவரை நாங்க தின்போம்.” அவள் கருகிய ரொட்டியை அவருடைய தட்டில் வைத்தாள். “அந்த அக்கா நல்லவங்க. போயி, ஒரு சுவரு விட்டுப்போச்சு, கூட வரும்னு சொல்லுங்க. சொன்னா வாய் வெந்துருமா?”

அவர் ரொட்டியின் கருகிய ஓரத்தைப் பிய்த்தார். வாய் வேகாது. ஆனால் சொன்ன எண்ணுக்கு மேலே இன்னொரு எண்ணைச் சொன்ன ஒருவரை நம்பி ராசிக் முதலாளி சீமெந்து கொடுக்க மாட்டார். கம்பளையிலிருந்து வரும் பாஸ்மார் இவரைவிடச் சுத்தமாகப் பூசுவார்கள், இவரைவிட நேராகக் கல் வைப்பார்கள். அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான் இவரிடம் இருந்தது. அவர்கள் பத்து என்றால் பதினாலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

மறுநாள் அவர் லோஜினிக்கு ஃபோன் போட்டார். முதல் தவணைக் காசை அவள்தான் அனுப்பியிருந்தாள் என்பதால் நம்பர் இருந்தது. கொழும்பில் அவள் பார்க்கும் வேலையே கட்டடங்களுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுவதுதான் என்று நாகலெட்சுமி சொல்லிக் கேள்விப்பட்டிருந்தார். நேராக விஷயத்தைச் சொல்லாமல், பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

“ஏம்மா, உங்க ஒஃபிஸ்ல முதல்ல ஒரு எண்ணு சொல்லுவீங்கல்ல. அது எவ்வளவு தூரம் சரியா வரும்?”

“முதல் மதிப்பீடுங்களா மாமா? நூத்துக்கு முப்பது வீதம் மேல கீழ போகலாம்.”

“போகலாம்னா?”

“போனா தப்பில்ல. அது சும்மா ஒரு கண் மதிப்புதானே. பிளான் முழுசா வந்தப்புறம் இன்னொண்ணு போடுவோம், அது கொஞ்சம் கிட்ட வரும். வேலை தொடங்கும்போது இன்னொண்ணு. முடியும்போது கடைசியா ஒண்ணு.”

“கடைசில போடறது சரியா இருக்குமா?”

“அதுல சில சமயம் வழக்குப் போடுவாங்க.”

“இந்த முப்பது வீதத்த முதல்லயே அவுங்ககிட்ட சொல்லிருவீங்களா?”

“எழுதியிருப்போம் மாமா. கீழ, சின்ன எழுத்துல.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அம்மா வீட்டு விஷயமா?”

சொல்லிவிட்டார். சிரிக்கிறாளோ என்று ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“பதினாறுக்கு ரெண்டரை. பதினஞ்சு பதினாறு வீதம்தான் வருது மாமா. முதல் மதிப்பீட்டுக்கு இது ரொம்ப நல்ல மதிப்பீடு.”

“ஒரு சுவரையே விட்டுட்டேன்மா.”

“நாங்க ஒருக்கா லிஃப்ட்டையே விட்டுட்டோம்.”

“எத்தனை மாடி?”

“ஏழு.”

“அப்புறம்?”

“திருத்திய மதிப்பீடுன்னு மேல தலைப்புப் போட்டு இன்னொண்ணு அனுப்புனோம்.”

“அவுங்க ஒண்ணும் சொல்லலியா?”

“அதுக்கும் தனியாக் கட்டணம் வாங்குனோம் மாமா.” பிறகு சொன்னாள்: “நீங்க அம்மாகிட்ட சொல்லிருங்க. மிச்சத்த எப்படியாவது பாப்போம். நான் சொல்றதவிட நீங்க சொன்னாத்தான் சரி.”

அவள் அவரைச் சமாதானப்படுத்தத்தான் அப்படியெல்லாம் பேசினாள். அவருக்கு அது வசவுபோல இருந்தது. முப்பது வீதம் என்றால் பத்து என்று சொல்லிவிட்டு ஏழிலும் முடிக்கலாம், பதின்மூன்றிலும் முடிக்கலாம். அதற்கு ஒரு பாஸ் எதற்கு? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைக் கேட்டால் போதாதா?

யோசனை அன்று மத்தியானம் திடலில் வந்தது. அம்மாக்கண்ணு தன்னுடைய காணியில் மேடுதட்டி கீரை விதைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் என்றைக்காவது ஒரு வீடு வரத்தான் போகிறது. அதற்கும் ஒரு பின்சுவர் வேண்டும். எல்லைக்கு மேலேயே ஒரு சுவரை எழுப்பி, பாதிச் செலவை அம்மாக்கண்ணு கொடுத்துவிட்டால், நாகலெட்சுமியின் பங்கு பாதியாகும். கூரையையும் நடுவில் சேர்த்துவிடலாம், பீலி வேண்டாம், பின்ஜன்னல் வேண்டாம், பின்கதவு வேண்டாம். மிச்சம் நிற்பதைத் தன் கூலியில் கழித்துக்கொள்ளலாம். ஜீவராணி பேசுவாள், ஆனால் அது பேச்சோடு போகிற அளவுதான். பதினாறு பதினாறாகவே நிற்கும்.

அம்மாக்கண்ணுவிடம் கேட்டார். அவர் விதைக் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“நாகுவும் நானும் ஒரே சுவருலயா?”

“ஆமா பெரியம்மா. லயத்துல இருக்கிற மாதிரிதான்.”

“எனக்கென்ன பாஸ். பழகுன ஆளு. காதுகுத்துக்கு வச்சிருந்த காசு கொஞ்சம் இருக்கு, தர்றேன். புதுசா எவளாவது அந்தப் பக்கம் வந்தா அவ எப்ப தூங்குறா, எப்ப எந்திரிக்கிறான்னு நான் திருப்பி முதல்ல இருந்து படிக்கணும். இந்த வயசுல என்னால ஆகாது.”

அழகன் பாஸுக்கு உடம்பே லேசானது. நேராக நாகலெட்சுமியின் காம்பராவுக்குப் போனார். நாகலெட்சுமி அவரை வாசலில் உட்காரச் சொன்னார், பிளேன்டி கொடுத்தார். பாஸ் கப்பைக் கையில் வைத்துக்கொண்டே, பின்சுவர் விட்டுப்போன கதையை முதலில் சொன்னார். நாகலெட்சுமி சிரிக்கவில்லை, அதிர்ச்சியும் காட்டவில்லை. லயத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் அந்தத் தவறு அவருக்குச் சட்டென்று விளங்கியது.

“ஆமால்ல. இங்க பின்னாடி சுவரு நாம கட்டுறதில்லையே” என்றார்.

பிறகு அழகன் பாஸ் அம்மாக்கண்ணுவின் சம்மதத்தைச் சொன்னார். ஒரே சுவர், இரண்டு பக்கமும் வீடு, பதினாறிலேயே முடியும். நாகலெட்சுமி கேட்டுக்கொண்டே இருந்தார். முற்றத்துக் கோழியைக் கையால் விரட்டினார்.

“சரிங்க பாஸ். அப்படியே செய்ங்க.”

“உங்களுக்கு ஒண்ணும்…”

“இல்ல. நீங்க சொன்ன எண்ணு மாறக்கூடாதில்ல. எனக்காக மாத்துனாருன்னு பேரு வேணாம்.” பிறகு, “நான் ஒண்ணு நெனச்சேன், அவ்வளவுதான். அது ஒண்ணுமில்ல” என்றார்.

“என்ன நெனச்சீங்க?”

“இருமுனா அந்தப் பக்கத்துல இருந்து ‘என்ன நாகு, தைலம் தரவா’ன்னு கேப்பாங்க. நல்ல மனுசிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா இங்க வாழ்க்கைப்பட்டு வந்த நாள்ல இருந்து நான் தனியா இருமுனதே இல்ல பாஸ். அவரு செத்தப்பகூட, எல்லாரும் போனப்புறம் ராத்திரி சத்தம்போட்டு அழல. அந்தப் பக்கம் அவுங்க மகன் பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டிருந்துச்சு.”

“பாஸாச்சா?” என்றார் அழகன் பாஸ்.

“இல்ல. கணக்குல போயிருச்சு.”

சுவருக்கு அந்தப் பக்கத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் அழுதாள், ஒரு ஆண் அவளை மிரட்டினான். நாகலெட்சுமி தன்னையறியாமல் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

அழகன் பாஸ் கப்பைக் கீழே வைத்தார்.

“பதினெட்டரை வரும்க்கா.”

“என்னாங்க?”

அவர் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை கொஞ்சம் சுலபமாக இருந்தது. “நாலு சுவரும் உங்களுக்கே. பின்கதவு, பின்ஜன்னல் எல்லாம் வச்சு. எல்லையில இருந்து தள்ளி. பதினெட்டரை.”

நாகலெட்சுமி அவரைப் பார்த்தார். நன்றி என்று அவர் ஏதோ சொல்லப்போவதாக அழகன் பாஸ் நினைத்தார். அப்படிச் சொன்னால் என்ன செய்வதென்று சங்கடமாகவும் இருந்தது.

“பதினெட்டுக்கு முடியாதா?” என்றார் நாகலெட்சுமி.

இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் விலை பேசியதில்லை. ஒற்றை எண் சொல்பவரிடம் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. இரண்டாவது எண் ஒன்று வந்துவிட்டால் மூன்றாவது எங்கோ பக்கத்தில் இருக்கும் என்பது யாருக்கும் தெரியும், கீரை வாங்குகிறவர்களுக்குக்கூட. அவருக்கு மட்டும் அது அப்போதுதான் தெரிந்தது.

“முடியாதுக்கா” என்றார்.

“பதினெட்டேகால்?”

“கல்லு விலை அப்படி இருக்கு.”

“இஸ்தோப்ப விட்டுட்டா?”

“இஸ்தோப்பு ஏற்கெனவே இல்லக்கா.”

“அப்ப உள்பூச்ச விட்டுருங்க. பெறகு ஆறுதலாப் பூசிக்கலாம். எனக்கு உள்ளுக்குள்ள யாரு வந்து பாக்கப்போறா?”

அழகன் பாஸ் சாய்ந்துகொள்ளச் சுவர் தேடினார். இருந்தது. ஆனால் அதில் சாய்ந்தபிறகும் எண் தானாக வரவில்லை. மனசுக்குள் ஒன்றொன்றாகக் கூட்டிக் கழிக்க வேண்டியிருந்தது. அவர் உதடு அசைவதை நாகலெட்சுமி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு தொண்ணூறில் நின்றார்கள். மிச்சத்தை லோஜினி இரண்டு தவணையில் அனுப்புவதாகப் பேச்சு.

விஷயம் பஜாருக்கு அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. சுவர் ஒன்று விட்டுப்போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாஸ் எண்ணை மாற்றினார் என்பதைத்தான் பேசினார்கள். ராசிக் முதலாளி அவரைக் கண்டதும் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்துவந்து உட்காரக் கதிரை போட்டார். அதுவரை அவர் அப்படி மரியாதை காட்டியதில்லை.

“என்ன பாஸ், இப்பெல்லாம் விலை பேசலாமாமே?”

“ஒரு வேலைலதான் முதலாளி.”

“அல்லாவே, நான் தப்பாச் சொல்லல. மனுசன்தானே. சீமெந்து தர்றேன். ஆனா முன்னாடி மாதிரி இல்லாம, பாதிக் காச கையில குடுத்துட்டு எடுங்க. நான் உங்கள நம்பாம இல்ல. எண்ணுதான் இப்ப ரெண்டு இருக்கு, எத நம்புறதுன்னு எனக்குத் தெரியணுமில்ல.”

அழகன் பாஸ் பாதிக் காசைக் கொடுத்து எடுத்தார். ஜீவராணியிடம் அதைச் சொன்னபோது அவள் வேறொன்று கேட்டாள்.

“இந்த வேலைல உங்க கூலி முழுசா வருதா?”

“வருது.”

“அப்ப சரி” என்றாள். இதுவரை தோளிலும் சட்டையிலும் மட்டும் சீமெந்தோடு வீட்டுக்கு வந்த மனிதர் முதல் தடவையாகச் சம்பளத்தோடும் வரப்போகிறார் என்று லயம் முழுக்கச் சொல்லிவைத்தாள். அது அவருடைய பெயருக்கு என்ன செய்யும் என்று அவள் யோசிக்கவில்லை. அல்லது யோசித்துத்தான் சொன்னாள்.

நாகலெட்சுமியின் பின்சுவரை அவர் வேறு யாருக்கும் விடாமல் தானே கட்டினார். உள்ளே நின்று கல் வைக்கும்போது ஒன்றும் வித்தியாசமில்லை. வெளியே வந்து, அம்மாக்கண்ணுவின் கீரைப் பாத்தி ஓரமாக நின்று பார்த்தால்தான் புதிதாக இருந்தது. தான் கட்டிய கட்டடத்தின் பின்பக்கத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. அதற்கும் பூச்சு வேண்டும், அதற்கும் மழை அடிக்கும். அம்மாக்கண்ணு கீரையை மிதிக்காமல் நிற்கச் சொல்லிக் கத்தினார்.

வீடு பதினெட்டு லட்சத்து முப்பதாயிரத்தில் முடிந்தது. பதினாறுமில்லை, பதினெட்டரையுமில்லை, பேசி முடித்த பதினேழு தொண்ணூறுமில்லை. “பாத்தீங்களா, கிட்டத்துல வந்துருச்சு” என்று லோஜினி ஃபோனில் பாராட்டினாள்.

ஆட்கள் இப்போதும் அவரைக் கூப்பிடுகிறார்கள். முன்பைவிடக் கொஞ்சம் கூடவே கூப்பிடுகிறார்கள் என்றும் சொல்லலாம். வருகிறார், பிளேன்டி குடிக்கிறார், சுவர் இருந்தால் சாய்ந்துகொள்கிறார். முன்னாலும் பின்னாலும் நடந்து பார்த்து, சுவர்களை விரல்விட்டு எண்ணுகிறார். பிறகு எண்ணைச் சொல்கிறார். முன்பெல்லாம் அவர் சொன்னதும் வீட்டுக்காரர்கள் கப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

இப்போது போவதில்லை. கப்பை வாங்கிக்கொண்டு, அடுத்த எண்ணுக்காக அங்கேயே நிற்கிறார்கள்.